மூன்றாம் கேஜ்

கொழும்பிலிருந்து வந்தவர் திரையில் காட்டினார்:
உங்கள் தலைக்குள் கிடப்பதையெல்லாம்
இந்தப் பொதுப்பக்கத்தில் இறக்கிவையுங்கள்,
யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம்.
கொட்பே ஐஸ் பெக்டரியில்
பதினேழு பேர் தலையாட்டினோம்.

மூன்று மாதம் ஒருவரும் எழுதவில்லை.
கன்டீன் பக்கம் மட்டும் நாற்பத்தொரு தடவை மாறியது:
பிளேன்டீக்குச் சீனி ஒன்றா, ஒன்றரையா.

பிறகொரு நாள், அதிகாலை இரண்டு நாற்பதுக்கு,
சபூர்தீன் எழுதினார்.
கிண்ணியாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து
ஹெல்மெட்டோடு வாயையும் கழற்றி
மேசையில் வைத்துவிடுகிற மனிதர்.
'மூண்டாவது கேஜ் பொய் சொல்லும். நம்பாதீங்க.
விரலால ரெண்டு தட்டுத் தட்டிப் பாருங்க.'

ஆவணங்களுக்கு நான் பொறுப்பு.
காலையில் திருத்தினேன்:
'மூன்றாம் அமுக்கமானியின் வாசிப்பு நம்பகமற்றது.'
இரவு அவர் பழையபடி மாற்றினார்.
நான் மாற்றினேன்.
அவர் மாற்றினார்.
ஆறு மணிக்கு கேட்டடியில் எதிர்ப்படுவோம்.
சுகமா? சுகம். அவ்வளவுதான்.
மழை, பெட்ரோல் விலை, ஒன்றும் பேசுவதில்லை.
'வரலாறு' என்றொரு பொத்தான் உண்டு.
அழித்ததெல்லாம் அதற்குள் வரிசையில் நிற்கும்,
சிவப்பில் என் வரி, பச்சையில் அவர் வரி,
அடுத்த நாள் பச்சையில் நான்.

ஒன்பதாம் நாள் களைத்துப்போய்
இரண்டையும் விட்டேன், ஒன்றின் கீழ் ஒன்று.

மார்கழி மழை. சீனக்குடாப் பக்கம்
ஏதோவொரு மரம் லைனில் விழ, ஊர் இருண்டது.
ஜெனரேட்டர் இருமி எழும்பியது.
உள்ளே துஷார மட்டும்,
வேலைக்கு வந்து பத்தொன்பது நாள்.
முள் பச்சைக் கோட்டுக்குள் சாதுவாய் நின்றது,
மூக்கில் அமோனியா வேறு கதை சொன்னது.
போனில் பக்கத்தைத் திறந்தான்.
தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பான்.
'நம்பகமற்றது' அவனுக்கு ஒரு நீண்ட மதில்.
'பொய்' தெரியும்.
பஸ் ஸ்டாண்டில் ஓட்டோக்காரரோடு வாடகை பேசி
முதல் கிழமையே படித்த சொல்.

தட்டினான்.
இரண்டாம் தட்டுக்கு முள் துள்ளிச்
சிவப்பில் போய் நின்றது.
கம்பிரசரை நிறுத்தினான்.
எண்பது பார் ஐஸ் கரைந்து தரையில் ஓடியது.
ஆட்களுக்கு ஒன்றுமில்லை.

விடிய, பக்கத்தில் மூன்றாவதாய் ஒரு வரி, சிங்களத்தில்.
அதன் கீழ் ஒரு படம்:
டோர்ச் வெளிச்சத்தில் கேஜ், கண்ணாடி மேல் அவன் பெருவிரல்.

என் வரியை நானே அழித்தேன்.
காரணம் என்னவென்று பெட்டி கேட்டது.
'புரியவில்லை' என்று எழுதினேன்.

பங்குனியில் சபூர்தீன் ஓமானுக்குப் போனார்.
கணக்கை மூடச் சொல்லிக் கடிதம் வந்தது, மூடினேன்.
அவர் பேர் இருந்த இடமெல்லாம்
சாம்பல் நிறத்தில் 'முன்னாள் பயனர்'.
ஒன்பது நாளும் நான் சண்டை பிடித்தது
ஒரு முன்னாள் பயனரோடாம்.

நேற்றுப் புதுக் கேஜ் பூட்டினார்கள்,
டிஜிட்டல், சிவந்த எண்கள்.
தட்டினால் தட்டினதுதான், அசையாது.
ஆகவே அவர் வரி இன்றைக்குப் பிழை.
பிழையான வரி ஆளைக் கொல்லும்,
கண்டவுடன் அகற்றவும் என்று
விதிப் பக்கத்தில் எழுதினவளும் நான்தான்.

அழித்தேன்.
தலைப்பு மட்டும் மிஞ்சியது, கீழே வெள்ளை.
இந்தப் புதுசு எந்த மழையில், எந்தச் சூட்டில்
பொய் சொல்லும் என்று
இன்னும் ஒருவருக்கும் தெரியாது.
இரவு ஷிப்டுக்குத் துஷார வருவான்.

போகுமுன் கன்டீன் பக்கத்தைப் பார்த்தேன்.
சீனி: ஒன்று.
கடைசியாக மாற்றியவர்: முன்னாள் பயனர்.
எனக்கு ஒன்றரை வேண்டும்.
விட்டுவிட்டேன்.